இலியோஸ்டமி பை லீக் ஆகிறதா? கழற்றிய பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வயிற்றின் வலப்பக்கம் தற்காலிக இலியோஸ்டமி வைத்திருக்கிறார்கள், அதாவது சிறுகுடலை வயிற்றில் ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மலம் பையில் விழும்படி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த புதிதில் மூன்று நாள் தாங்கிய பை இப்போது ஒரு நாள்கூட நிற்பதில்லை, ராத்திரியில் படுக்கை நனைகிறது. ஸ்டோமாவை, அதாவது வெளியே தெரியும் அந்தக் குடல் வாயைச் சுற்றித் தோல் வெந்துபோய், தண்ணீர் பட்டாலே எரிகிறது என்கிறார். பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் பிளேட்டைச் சுற்றி டேப் ஒட்டிப் பார்த்தாயிற்று, பேஸ்ட்டை நிறையப் போட்டுப் பார்த்தாயிற்று, வேறு கம்பெனி பையும் வாங்கியாயிற்று. சீக்கிரம் கீமோ ஆரம்பிக்கப் போகிறார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஸ்டோமா நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது: முன்பு மூன்று நாள் தாங்கியது, இப்போது தாங்கவில்லை. பை அதே பைதான். இந்த இரண்டு மாதத்தில் மாறியது அப்பாவின் வயிறு.

ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வீக்கம் வடிந்து சுருங்கும். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் 38 மி.மீ. என்று அளந்து கொடுத்திருந்தால், அதே அளவில்தான் நீங்கள் இன்னும் பிளேட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருப்பீர்கள். ஸ்டோமா 28 மி.மீ. ஆகியிருந்தால் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை சென்டிமீட்டர் தோல் வெறுமனே திறந்து கிடக்கும். இலியோஸ்டமியில் வருவது சாதாரண மலம் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து நேராக வருகிறது, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கிற என்சைம்கள் அதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பருப்பில் இருக்கிற புரதமும் தோலில் இருக்கிற புரதமும் அதற்கு ஒன்றுதான். சில மணி நேரத்தில் தோல் சிவக்கும், அப்படியே விட்டால் மேல்தோல் உரியும். உரிந்த தோலில் நீர் கசியும், கசிகிற இடத்தில் பிளேட் ஒட்டாது, ஒட்டாத இடத்தின் வழியாக மறுபடியும் மோஷன் உள்ளே போகும். லீக்கும் புண்ணும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. ஒன்றைச் சரிசெய்யாமல் இன்னொன்று ஆறாது.

அதனால் முதல் வேலையாக டேப்பை விட்டுவிடுங்கள். பிளேட்டின் வெளி ஓரத்தில் டேப் ஒட்டினால் படுக்கை கொஞ்சம் தப்பிக்கும், தோல் தப்பிக்காது. உள்ளே புகுந்த மோஷன் வெளியேற வழியில்லாமல் ராத்திரி முழுக்கத் தோல் மேலேயே தேங்கி நிற்கும். பிளேட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தெரிந்தால், அது காலையில்தான் ஒட்டிய பிளேட்டாக இருந்தாலும் உடனே கழற்றுங்கள். ஸ்டோமாவுக்குத் தொட்டால் வலி தெரியாது. எரிகிறது என்று அப்பா சொன்னால் எரிவது தோல்தான். பிளேட் விலை கூடிய சாமான், ஒரே நாளில் எடுத்துப் போட மனசு வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு பிளேட்டை மிச்சம் பிடிக்கப் போய், புண்ணான தோலில் எதுவுமே நிற்காமல் அடுத்தடுத்து நாலைந்து பிளேட் வீணாவதைத்தான் வீடு வீடாகப் பார்க்கிறேன்.

சரி, லீக் எங்கிருந்து வருகிறது? இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. பையின் கீழ் வாயிலிருந்தா, பையும் பிளேட்டும் சேரும் வளையத்திலிருந்தா, பிளேட்டுக்கு அடியிலிருந்தா? கீழ் வாய் என்றால் கிளிப் சரியாக விழவில்லை, அல்லது காலி செய்த பிறகு வாயைத் துடைக்காமல் மடித்திருப்பீர்கள். வளையம் என்றால் பெரும்பாலும் அளவுப் பொருத்தம். பிளேட்டும் பையும் தனித்தனியாக வரும் டூ பீஸ் பையில் ஒரு கம்பெனி வளையம் 57 மி.மீ., இன்னொன்று 60 மி.மீ. என்று வரும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு கம்பெனி பிளேட்டையும் இன்னொரு கம்பெனி பையையும் கொடுத்துவிடுவார். மாட்டும்போது மாட்டிய மாதிரிதான் இருக்கும், பை பாதி நிறைந்து கனம் இறங்கியதும் விட்டுக்கொடுக்கும். நீங்கள் கம்பெனி மாற்றியதாக எழுதியிருப்பதால் இதைச் சரிபார்த்துவிடுங்கள். இவை இரண்டும் இல்லையென்றால் பிளேட்டுக்கு அடியில். உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை கழற்றிய பிளேட்டைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். கழற்றுவதற்கு முன்பே அதன் மேல் ஓரத்தில், அப்பாவின் தலைப்பக்கம், பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அது கடிகாரத்தின் 12. கழற்றித் தோலில் ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது இடம் வலமாக மாறும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கே பசை கரைந்து வெளுத்து ஊறிப்போயிருக்கிறது, எந்தத் திசையில் மஞ்சள் கறை ஓடியிருக்கிறது என்று தெரியும். கூடவே தோலையும் பிளேட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தொடர்ந்து மூன்று பிளேட்டுக்கு இப்படிச் செய்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். ஓட்டையைச் சுற்றி வளையமாக எல்லாப் பக்கமும் கரைந்திருந்தால் ஓட்டை பெரிதாக இருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி நாள் கடத்தியிருக்கிறீர்கள், அல்லது மோஷன் தண்ணீராகப் போகிறது. எப்போதும் 6 மணிப் பக்கம் மட்டும் என்றால் ஸ்டோமாவின் வாய் கீழே பார்க்கிறது, அல்லது அடியில் மடிப்பு விழுகிறது. 3 அல்லது 9 மணி என்றால் உட்காரும்போது பக்கவாட்டில் மடிப்பு விழுகிறது. பசை அப்படியே நன்றாக இருக்க, அதன் மேல் மோஷன் வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தால், ஒட்டும்போதே தோல் ஈரமாகவோ எண்ணெய்ப் பசையாகவோ இருந்திருக்கிறது.

அப்புறம் அளவு. பிளேட் பெட்டியில் வட்டங்கள் வெட்டிய அளவு அட்டை இருக்கும். ஸ்டோமா வட்டமாக இருந்தால் அது போதும். அப்பாவுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் குடலை வளைத்து வெளியே எடுத்து வைக்கும் லூப் இலியோஸ்டமியாக இருக்கும், அது முட்டை வடிவில் இருப்பதே வழக்கம். புது பிளேட்டின் பின்னால் வருகிற தெளிவான பிளாஸ்டிக் தாளை ஸ்டோமாவுக்கு மேலே பிடித்து, அடி விளிம்பை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். உச்சியின் அளவு வேண்டாம், தோலைத் தொடுகிற அடியின் அளவுதான் வேண்டும். அதைவிட 2 மி.மீ., மிஞ்சிப்போனால் 3 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். அதற்கும் குறைவாக இறுக்கி வெட்டினால் பிளேட்டின் விளிம்பு குடலை அறுக்கும். வரைந்த தாளில் "தோல் பக்கம்" என்று எழுதி வையுங்கள். ஒழுங்கில்லாத வடிவத்தைத் தலைகீழாக வெட்டிவிட்டு, ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் இடைவெளி என்று தவிப்பவர்கள் நிறைய. வெட்டிய ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பிசிறைச் சமன் செய்யுங்கள். இப்போதைக்கு வாரம் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், இரண்டு மூன்று வாரம் அளவு மாறாமல் நின்றுவிட்டால் அப்புறம் மாதம் ஒருமுறை போதும்.

வெந்த தோலுக்கு வருகிறேன். நம் வீடுகளில் இதற்குத் தடவாத பொருளே கிடையாது: தேங்காய் எண்ணெய், மஞ்சள், டால்கம் பவுடர், டெட்டால் கலந்த தண்ணீர், குழந்தைக்குப் போடும் டயபர் கிரீம். கிரீமும் எண்ணெயும் போட்ட தோலில் பிளேட் நிற்கவே நிற்காது. டெட்டால் புண்ணை இன்னும் எரிக்கும், டால்கம் பவுடர் பசைக்கும் தோலுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். சோப்பு கட்டாயம் இல்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் வாசனையும் எண்ணெயும் இல்லாத சோப்பாக இருக்கட்டும், சொட்டு மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள். குழந்தைகளுக்குத் துடைக்கும் ஈர டிஷ்யூ வேண்டாம், அதில் தோலை மிருதுவாக்கும் பூச்சு இருக்கும். துடைக்கும்போது ஸ்டோமாவில் ஓரிரு சொட்டு ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம், அது மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைந்த குடல்.

உரிந்து ஈரமாக இருக்கிற இடத்துக்கு ஸ்டோமா பவுடர் என்றே தனியாக விற்கிறது. அதை ஈரமான இடத்தில் மட்டும் தூவுங்கள். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பவுடர் ஒட்டி நிற்கும். மிச்சத்தைத் துணியால் தட்டி எடுத்துவிடுங்கள், நல்ல தோலில் இருக்கும் பவுடர் பிளேட்டை ஒட்டவிடாது. அதன் மேல் ஆல்கஹால் இல்லாத பாதுகாப்புப் படலத்தை, ஸ்பிரேயாகவோ துடைப்பானாகவோ வருவது, ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். காய விடுங்கள். மறுபடி பவுடர், மறுபடி படலம். இரண்டு மூன்று அடுக்கில் மெல்லிய பொருக்கு மாதிரி உலர்ந்த மேற்பரப்பு கிடைக்கும். பிளேட்டை அதன் மேல் ஒட்டுங்கள். ஆல்கஹால் உள்ள படலத்தைப் புண்ணில் வைத்தால் அப்பா கட்டிலிலிருந்து எழுந்துவிடுவார், வாங்கும்போதே லேபிளைப் பாருங்கள். பேஸ்ட்டிலும் பல வகைகளில் ஆல்கஹால் இருக்கிறது. லீக் நின்றுவிட்டால் தோல் ஆச்சரியப்படும் வேகத்தில் ஆறும், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றால் லீக் இன்னும் நிற்கவில்லை, அல்லது இது வேறு வகைப் புண்.

எல்லாச் சிவப்பும் மோஷன் பட்டதால் வருவதில்லை. சிவந்த திட்டைச் சுற்றித் தனித்தனியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், எரிச்சலைவிட அரிப்பு அதிகம் என்றால் பூஞ்சை. நம் ஊர் வியர்வையில், அதுவும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கும், இது சகஜம். கீமோ காலத்தில் இன்னும் சுலபமாக வரும். டாக்டர் எழுதித் தரும் பூஞ்சைக் கொல்லி பவுடராக இருக்கட்டும், கிரீமாக வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். பிளேட்டின் வடிவம் அச்செடுத்த மாதிரி தோலில் சிவந்திருந்தால் அந்தப் பசை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு கம்பெனிக்கு மாற வேண்டும். முடி வேர்களில் கொப்புளமாக இருந்தால் பிளேட்டை வெடுக்கென்று இழுப்பதும் தாறுமாறாகச் சவரம் செய்வதும் காரணம். முடியை டிரிம்மரால் கத்தரித்தால் போதும், வழுவழுவென்று மழிக்க வேண்டாம். இதிலெல்லாம் சேராமல், ஓரம் ஊதா நிறத்தில், வேகமாக ஆழமாகி, தாங்க முடியாத வலியோடு ஒரு புண் வந்தால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு அப்படி ஒன்று வருவதுண்டு, அதற்கு மருந்தே வேறு.

பை வைத்தால் கொஞ்சம் சிவப்பு இருக்கத்தான் செய்யும் என்று யாராவது சொல்வார்கள், சில சமயம் ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள். நம்பாதீர்கள். தொப்புளுக்கு இடப்பக்கம் தோல் எப்படி இருக்கிறதோ, பிளேட்டுக்கு அடியிலும் அப்படியே இருக்க வேண்டும்.

பிளேட் மாற்றும் நேரம் முக்கியம். இலியோஸ்டமி எந்நேரமும் ஓடும், சாப்பிட்ட பிறகு அதிகமாக ஓடும். காலையில் எழுந்து, காபி குடிப்பதற்கு முன்பு மாற்றுங்கள், அப்போதுதான் ஓட்டம் குறைவு. எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்து, ஓட்டையையும் வெட்டி வைத்துவிட்டுத்தான் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பிளேட்டை இழுக்காதீர்கள். ஒரு கையால் மேல் ஓரத்தைத் தூக்கி, இன்னொரு கையால் தோலை உள்பக்கமாக அழுத்தி, மேலிருந்து கீழே மெல்ல விடுவித்து வாருங்கள். வராத இடத்தில் ஈரத்துணி, அல்லது பசை நீக்கும் சிலிக்கான் ஸ்பிரே. பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எல்லாம் வைத்து எடுப்பவர்கள் உண்டு, வேண்டாம். தேங்காய் எண்ணெய் பசையை எடுக்கும், பிறகு அந்த எண்ணெயைச் சுத்தமாக எடுப்பதுதான் வேலை. கழுவியதும் துடைத்து, காற்றாடிக்கு அடியில் இரண்டு நிமிடம் தோல் நன்றாக உலரட்டும். அதற்குள் மோஷன் வந்தால் பிடிக்க, சுருட்டிய டிஷ்யூவை ஸ்டோமா வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது பிளேட்டைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்குங்கள், பசை இளகும். அப்பா உட்கார்ந்து குனிந்தபடி இருந்தால் தோல் சுருங்கியிருக்கும். நிற்கச் சொல்லியோ, சாய்ந்து படுக்கவைத்தோ, வயிற்றுத் தோலை விரித்து ஒட்டுங்கள். ஸ்டோமாவின் அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே, பிறகு ஓட்டை ஓரத்திலிருந்து வெளியே விரலால் அழுத்திக்கொண்டு போங்கள். முடிந்ததும் அப்பாவே தன் உள்ளங்கையை அதன் மேல் சில நிமிடம் வைத்திருக்கட்டும். உடனே எழுந்து குனிய வேண்டாம்.

பேஸ்ட் நிறையப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் வைப்பார்களே, பேஸ்ட் வேலை அவ்வளவுதான். பள்ளத்தையும் இடைவெளியையும் நிரப்பும், பிளேட்டைப் பிடித்து நிறுத்தாது. தடிமனாகப் பூசினால் பிளேட் தோலைத் தொடாமல் பேஸ்ட் மேல் மிதக்கும், லீக் சீக்கிரமே வரும். ஓட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, மடிப்பில் ஒரு சிறு துண்டு, அவ்வளவே. இலியோஸ்டமிக்கு நான் பேஸ்ட்டைவிட, கையால் உருட்டி வடிவம் மாற்றக்கூடிய வளையத்தைத்தான் விரும்புவேன். அதில் ஆல்கஹால் இல்லை, கழற்றும்போதும் தோலில் மிச்சம் அதிகம் நிற்காது. விலைதான் கூடுதல்.

இத்தனையும் செய்து ஒரே இடத்தில் லீக் தொடர்ந்தால் மடிப்பைத் தேட வேண்டும். பிளேட் இல்லாமல் அப்பாவை நிற்க வைத்துப் பாருங்கள், உட்காரவைத்துப் பாருங்கள், குனியச் சொல்லிப் பாருங்கள். படுத்திருக்கும்போது தட்டையாக இருந்த வயிறு உட்கார்ந்ததும் ஸ்டோமாவின் இருபுறமும் கோடாக உள்வாங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு எடை குறைந்தவர்களுக்கு இது அடிக்கடி இருக்கும். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தே பிளேட் போட்டதால் அங்கே தெரிந்திருக்காது. மடிப்பில் வளையத் துண்டோ பேஸ்ட் பட்டையோ வைத்துச் சமன் செய்யலாம். பிளேட்டின் நடு வளையம் கெட்டியாக இருக்கும் டூ பீஸைவிட, பிளேட்டும் பையும் ஒன்றாகவே இருந்து வயிற்றோடு வளைந்து கொடுக்கும் ஒன் பீஸ் சிலருக்கு நன்றாக நிற்கும். உடையையும் பாருங்கள். வேட்டிக் கட்டோ பேண்ட் பெல்ட்டோ பிளேட்டின் நடுவில் குறுக்கே ஓடினால் மோஷன் கீழே இறங்க முடியாமல் மேலேயே தேங்கி அடியில் புகும். அரைஞாண் கயிறு பிளேட் ஓரத்துக்கு அடியில் நுழைந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனுக்குக் கழற்றியதை வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் மறுபடி கட்டிவிடுகிறார்கள். சாமி குற்றம் ஒன்றும் ஆகாது, ஸ்டோமா இருக்கும் வரை கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டோமா தோல் மட்டத்தை விட்டு எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதும் விஷயம்தான். இலியோஸ்டமி என்றால் 2 முதல் 3 செ.மீ. வரை குழாய் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோஷன் நேராகப் பையில் விழும். ஒரு காலத்தில் குடலைத் தோல் மட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். நோயாளிகளின் தோல் புண்ணாகவே இருக்கும். 1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரையன் புரூக் என்ற சர்ஜன் குடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைத்து மூக்கு மாதிரி நிறுத்தும் முறையை எழுதினார். இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற சர்ஜன், இலியோஸ்டமி வைத்திருந்த நார்மா கில் என்ற பெண்ணையே 1958-இல் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லித்தர வேலைக்கு எடுத்தார். என் தொழில் ஆரம்பித்தது அப்படித்தான், பையோடு வாழ்ந்த ஒருவரிடமிருந்து.

அப்பாவின் ஸ்டோமா தட்டையாகவோ, உட்கார்ந்ததும் உள்ளே இழுத்துக்கொள்வதாகவோ இருந்தால், நடுவில் குவிந்திருக்கும் கான்வெக்ஸ் பிளேட்டும் அதை இழுத்துப் பிடிக்கும் பெல்ட்டும் உதவும். பிளேட்டின் குவிவு சுற்றியுள்ள தோலை அழுத்தி ஸ்டோமாவை முன்னே தள்ளும். ஆனால் கடையில் கேட்டு நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் இருந்தாலோ, கல்லீரல் நோயால் அங்கே ரத்த நாளம் புடைத்திருந்தாலோ அந்த அழுத்தமே ஆபத்து. ஒரு ஸ்டோமா நர்ஸ் பார்த்துச் சொல்லட்டும். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இருப்பார்கள், உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் பை தயாரிக்கும் கம்பெனியின் உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி லீக் ஆவதற்கு இன்னொரு காரணம், சாப்பிடும் நேரம். ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் நடுராத்திரியில் பை பலூன் மாதிரி நிறைந்து, தன் கனத்திலேயே பிளேட்டைக் கிளப்பும். ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடிக்கச் சொல்லுங்கள். படுக்கும் முன் காலி செய்யுங்கள், இரண்டு மணி வாக்கில் அலாரம் வைத்து ஒருமுறை. பகலிலும் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் பாதி நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். காற்று அடைத்தால் கிளிப்பைத் திறந்து விடுங்கள், ஊசியால் ஓட்டை போடாதீர்கள். அப்படிச் செய்த பை அதன் பிறகு நாள் முழுக்க நாறும்.

மோஷன் தண்ணீராக ஓடினால் எந்த பிளேட்டும் தோற்கும். சாதாரணமாக ஒரு நாளைக்கு 500 முதல் 800 மி.லி. வரை, கூழ் பதத்தில் வர வேண்டும். பழைய அளவு ஜாடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, மூன்று நாள் அளந்து எழுதுங்கள். மசித்த சோறு, தயிர் சாதம், இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஜவ்வரிசி ஆகியவை கெட்டிப்படுத்தும். சர்க்கரை போட்ட ஜூஸ், அதிகக் காபி, காரம் இளக்கும். வாழைத்தண்டு, தேங்காய்த் துண்டு, சோளம், பலாச்சுளை, முருங்கைச் சக்கை இவை வேறு காரணத்துக்காக இப்போதைக்கு வேண்டாம், குறுகிய ஸ்டோமாவில் போய் அடைக்கும். 1,500 மி.லி.க்கு மேல் போனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அப்போது வெறும் தண்ணீரும் இளநீரும் குடம் குடமாகக் கொடுப்பது உதவாது. இலியோஸ்டமியில் போவது உப்பு. இளநீரில் சோடியம் குறைவு, வெறும் தண்ணீரில் இல்லவே இல்லை. வெறும் தண்ணீர் அதிகமானால் ஓட்டம் இன்னும் கூடும். ஒரு லிட்டர் பாக்கெட் ஓஆர்எஸ்ஸை முழுசாக ஒரு லிட்டரில் கரைத்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிரஷருக்காக உப்பைக் குறைத்திருந்தாலும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டாலும், அதை இப்போதும் தொடர வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மோஷனைக் கட்டுப்படுத்தும் லோப்பராமைடு மாத்திரையும் அவர் சொல்லும் அளவில்தான்.

வெயில் காலத்தில் மூன்று நாள் நிற்கும் பிளேட் இரண்டு நாள்தான் நிற்கும், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பழைய வேட்டித் துணியில் பைக்கு ஓர் உறை தைத்துப் போட்டால் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டி வியர்ப்பது குறையும். பெட்டியை வண்டி சீட்டுக்கு அடியிலோ வெயில் படும் அலமாரியிலோ வைக்காதீர்கள். லீக் ஆகும் வரை காத்திருக்காமல், எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரிந்த பிறகு அதற்கு ஒரு நாள் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பெருங்குடலை வெளியே எடுத்துக் கொலாஸ்டமி வைத்தவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு மோஷன் கெட்டி, தோல் எரிவது குறைவு, ஸ்டோமா 1 செ.மீ. உயரம் இருந்தாலே சமாளிக்கலாம். பையின் உள்சுவர்கள் ஒட்டிக்கொண்டு மோஷன் மேலேயே தேங்குவதுதான் உங்கள் தொல்லை. ஒட்டும் முன் பைக்குள் கொஞ்சம் காற்று ஊதி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவிப் பாருங்கள், பிளேட்டில் படாமல். சிறுநீருக்கு யூரோஸ்டமி வைத்தவர்களுக்குத் தோலில் வெள்ளையாக மணல் மாதிரி படிந்தால், தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் நனைத்த துணியை மாற்றும்போது சில நிமிடம் வைக்கலாம், ராத்திரியில் பையை படுக்கையோரப் பையோடு இணைத்துவிடுங்கள்.

கீமோவைப் பற்றி ஒன்று. மலக்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் வயிற்றுப்போக்கு உண்டாக்கும். இலியோஸ்டமி இருப்பவருக்கு அது ஒரே நாளில் உடம்பிலிருக்கும் நீரை வற்றவைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முதல் ஊசிக்கு முன்பே, அளந்து எழுதிய அந்த மூன்று நாள் கணக்கைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட பிறகு நாக்கு வறண்டு, தலை சுற்றி, சிறுநீர் குறைந்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலை வரை காத்திருக்காமல் போங்கள். ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், வயிற்றுவலியோடும் வாந்தியோடும் நாலைந்து மணி நேரம் பையில் எதுவுமே விழாவிட்டாலும் அப்படியே. அடைத்திருக்கும் அந்த நிலையில் மோஷனைப் போகவைக்கும் பேதி மருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். போகும்போது ஒரு மாற்றுப் பிளேட், கடைசியாகக் கழற்றிய பழைய பிளேட் பிளாஸ்டிக் கவரில் கட்டி, போனில் எடுத்த படங்கள், வரைந்து வைத்த அளவுத் தாள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.